மருத்துவமனைக்கு நன்கொடை: கேட்டுக் கொடுப்பது எப்படி?

ஒரு சிறிய அறக்கட்டளை மருத்துவமனையின் நன்கொடைக் கணக்கைச் சில ஆண்டுகள் நான் பார்த்துவந்தேன். முதல் நாள் ஸ்டோரைச் சுற்றிக் காட்டிய பொறுப்பாளர், மூலையில் பிளாஸ்டிக் உறை போட்டு மூடியிருந்த ஒன்றைக் காட்டி, "இது டயாலிசிஸ் மெஷின் சார். வந்து மூணு வருஷம் ஆச்சு" என்றார். உறை முழுக்கத் தூசி. கொடுத்தவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு மட்டும் பளபளவென்று இருந்தது. அதை யாரோ தவறாமல் துடைத்துவந்தார்கள். கொடுத்தவர் என்றைக்கு வேண்டுமானாலும் வந்து நிற்கலாமே!

அந்த மெஷின் ஏன் ஓடவில்லை? டயாலிசிஸ் திரவம் நிமிடத்துக்கு சுமார் 500 மில்லி ஓடும். ஒரு நோயாளிக்கு ஒரு முறைக்கு நான்கு மணி நேரம் என்றால் 120 லிட்டர். அத்தனையும் சுத்திகரித்த நீராக இருக்க வேண்டும். அதற்குத் தனி ஆர்.ஓ. பிளாண்ட் தேவை. ஆர்.ஓ. வெளியே தள்ளும் கழிவு நீரையும் சேர்த்தால் தண்ணீர்க் கணக்கு இன்னும் ஏறும். பெரும்பாலான நோயாளிகளுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டும், வருடம் முழுக்க. பயிற்சி பெற்ற டெக்னீஷியன் வேண்டும், தடையில்லா மின்சாரம் வேண்டும், மாற்றி மாற்றிப் போட வடிகட்டியும் குழாயும் வேண்டும். அந்த மருத்துவமனையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. கொடுத்தவர் நல்ல மனிதர்தான். ஆனையை வாங்கிக் கொடுத்துவிட்டார். தீனியும் பாகனும் யார் பொறுப்பு என்று அவரும் கேட்கவில்லை, வாங்கியவர்களும் வாய் திறக்கவில்லை.

இந்த வழிகாட்டி அந்தக் கேள்வியைச் சுற்றித்தான். நூறு ரூபாய் கொடுப்பவருக்கும் ஒரு வார்டே கட்டித் தருபவருக்கும் இது பொருந்தும்.

படி 1: மருத்துவமனையின் பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பாருங்கள்

லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ள முதலாளி யாரும் இல்லாமல், சுற்றுவட்டார மக்களுக்காக நடக்கும் மருத்துவமனையைத்தான் இங்கே சமூக மருத்துவமனை என்கிறேன். அதற்கு வரவு மூன்று வழிகளில் வரும். நோயாளிகள் கட்டும் கட்டணம், காப்பீட்டிலிருந்தோ அரசுத் திட்டத்திலிருந்தோ வரும் தொகை, நன்கொடை. இரண்டாவது பெரும்பாலும் மாதக் கணக்கில் தாமதமாகத்தான் வரும். செலவில் பெரும்பங்கு சம்பளம். அன்றாடப் பாடு கட்டணத்தில் ஓரளவு ஓடிவிடும். கட்ட முடியாதவரின் பில், பழுதான கருவிக்கு மாற்று, நர்ஸ்களுக்குப் பயிற்சி, புதிய கட்டடம் என்று வரும்போதுதான் துண்டு விழும். நன்கொடை அடைப்பது அந்த ஓட்டையை.

ஓட்டை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் டாக்டர் வெங்கடசாமியால் 11 படுக்கைகளோடு தொடங்கப்பட்டது. பணம் கட்டுபவர்களிடம் வரும் வருமானத்தைக் கொண்டே கட்ட முடியாதவர்களுக்கும் அறுவைச் சிகிச்சை செய்வது அதன் முறை. அப்படிப்பட்ட இடத்தில் அன்றாடச் செலவுக்கு உங்கள் பணம் அவசியப்படாமல் போகலாம், ஆராய்ச்சிக்கோ பயிற்சிக்கோ பயன்படலாம். நான் கணக்குப் பார்த்த மருத்துவமனையிலோ, திட்டத் தொகை தாமதமான மாதங்களில் சம்பளத்துக்கே இழுபறி.

கொடுக்கும் பணம் நான்கு பெட்டிகளில் ஒன்றில் விழும். கட்டடம், கருவி போன்றவற்றுக்கான மூலதனச் செலவு. சம்பளம், மருந்து, மின்சாரம் என்று நடப்புச் செலவு. ஏழை நோயாளிகளுக்கான நல நிதி. நாலாவது, அசலைத் தொடாமல் அது ஈட்டுவதை மட்டும் செலவழிக்கும் மூலநிதி. மூலநிதி நூறு ரூபாய் வைத்தால் ஆண்டுக்கு நான்கைந்து ரூபாய்தான் நிதானமாக எடுக்க முடியும். நூறாண்டு நிற்கும் நிறுவனத்துக்கு அது நல்ல அஸ்திவாரம். அடுத்த மாதச் சம்பளத்துக்குத் தவிக்கும் இடத்தில் மூலநிதி கொடுப்பது, பசித்தவனுக்கு மாங்கன்று கொடுப்பது போலத்தான்.

கட்டடம் கொடுப்பதைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். வேலூரில் அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினார். நியூயார்க்கைச் சேர்ந்த ராபர்ட் ஷெல் தன் மனைவி நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. ஆனால் அந்தக் கட்டடம் அத்தோடு நின்றிருந்தால் இன்று சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) என்ற பெயரே இருந்திருக்காது. 1909இல் நர்ஸ் பயிற்சியும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வந்தன. சுவருக்குள் வேலை பார்க்க ஆட்களை உருவாக்கும் செலவையும் யாராவது ஏற்க வேண்டியிருந்தது.

படி 2: நேரில் போய்க் கேளுங்கள், ஆனால் தலைமையிடம் மட்டும் கேட்காதீர்கள்

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று இயக்குநரிடம் கேட்டால் அவர் கையில் எப்போதும் ஒரு பெரிய பட்டியல் இருக்கும். புதிய பிளாக், எம்.ஆர்.ஐ., அப்படி. அதில் தப்பில்லை, தூரத்தைப் பார்ப்பது அவர் வேலை. அதே கேள்வியை இன்னும் மூன்று பேரிடம் கேட்டுப் பாருங்கள்.

முதலில் நர்சிங் சூப்பரின்டென்டன்ட். இரவு டியூட்டியில் எது இல்லாமல் தவிக்கிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். நான் கேட்டபோது வந்த பதில்: "ஆக்சிமீட்டர் நாலு இருக்கு, ரெண்டுக்குத்தான் சென்சார் வேலை செய்யுது." ஆக்சிமீட்டர் என்பது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி. விரலில் மாட்டும் சின்ன சென்சாருக்காக அவற்றில் இரண்டு அலமாரியில் கிடந்தன. சென்சாருக்கு எந்த நன்கொடையாளரும் ரிப்பன் வெட்ட வரமாட்டார்.

அடுத்து, கருவிகளைப் பழுது பார்க்கும் பயோமெடிக்கல் டெக்னீஷியன். அப்படி ஒருவர் இல்லை என்று பதில் வந்தால், உங்கள் நன்கொடை எதற்குப் போக வேண்டும் என்பது அங்கேயே பாதி முடிவாகிவிட்டது. மூன்றாவது, மருத்துவ சமூகப் பணியாளர். பில் கட்ட முடியாதவர்கள் வந்து உட்காரும் நாற்காலி அவர் மேசைக்கு எதிரேதான் இருக்கிறது.

படி 3: பணமா, பொருளா?

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சந்தேகம் வந்தால் பணமாகக் கொடுங்கள். பொருள் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அது கேட்கப்பட்ட பொருளாக இருக்கட்டும்.

மருந்தில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 1992 முதல் 1996 வரை, போரின்போதும் அதை அடுத்தும், போஸ்னியாவுக்கு உலகமெங்கும் இருந்து மருந்து குவிந்தது. அதில் சுமார் 17,000 டன் பயனற்றது. காலாவதியானவை, அங்கு யாருக்கும் தேவைப்படாதவை, என்ன மருந்தென்றே தெரியாதவை. அழிப்பதற்கு மட்டும் 3 கோடியே 40 லட்சம் டாலர் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை தெளிவாக இருக்கிறது. பெறுபவர் கேட்ட மருந்தாக இருக்க வேண்டும். வந்து சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டாவது இருக்க வேண்டும். ஒருமுறை நோயாளிக்குக் கொடுத்துத் திரும்பி வந்த மாத்திரை கூடாது. வீட்டில் மிச்சமான அட்டைகளைப் பையில் போட்டு எடுத்துவருபவர்கள் கடைசி வரியை இன்னொரு முறை படிக்கவும். அந்தப் பையைப் பிரித்து, தேதி பார்த்து, தரம் பிரித்து, குப்பையில் போட ஒரு மருந்தாளுநரின் அரை நாள் போகும்.

கருவி கொடுப்பதாக இருந்தால், விலைப்பட்டியலைக் கையில் எடுப்பதற்கு முன் மருத்துவமனையோடு உட்கார்ந்து இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்:

- இதை இயக்கத் தெரிந்தவர் இப்போது சம்பளப் பட்டியலில் இருக்கிறாரா? அவர் விலகினால் அடுத்து யார்?
- மின்சாரம், தண்ணீர், ஏ.சி., இடம் எல்லாம் தயாரா? மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடமென்றால் ஸ்டெபிலைசர் யார் செலவு?
- தினம் தினம் இது தின்னும் ரசாயனம், குழாய், தாள் எவ்வளவு? வேறு கம்பெனி பொருளும் இதில் பொருந்துமா, இல்லை ஒரே கம்பெனியிடம் மாட்டிக்கொள்வோமா?
- உத்தரவாதம் முடிந்த பிறகு ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) யார் கட்டுவார்கள்? சர்வீஸ் இன்ஜினீயர் எத்தனை நாளில் வந்து சேர்வார்?

பழைய கருவியைப் புதுப்பித்துக் கொடுப்பவர்கள் உதிரிப் பாகம் இன்னும் தயாரிப்பில் இருக்கிறதா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தயாரிப்பு நின்றுபோன மாடலை அனுப்பினால், நீங்கள் தூக்கிப் போட வேண்டியதை அடுத்தவர் வாசலில் போட்டதாகத்தான் ஆகும்.

சின்னக் கருவிகூட விதிவிலக்கு இல்லை. ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் பார்க்க எளிமையாக இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனை ஜியோலைட் என்ற கனிமத்தில் பிடித்துவைத்துவிட்டு ஆக்சிஜனை மட்டும் வெளியே விடும். அதன் வெளி வடிகட்டியை அடிக்கடி கழுவ வேண்டும், உள்ளே ஈரம் புகக் கூடாது. கழுவ ஆளில்லாத இடத்தில் சத்தம் மட்டும் கம்பீரமாக வரும், ஆக்சிஜன் அளவு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும். அதைக் கண்டுபிடிக்க ஆக்சிஜன் அளவுமானி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தவரை ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். அவரே முன்பு ஒரு மருத்துவமனையில் டெக்னீஷியனாக இருந்தவராம்.

ஸ்டோரில் தூங்கிய டயாலிசிஸ் மெஷின் என்ன ஆனது என்று கேட்பீர்கள். பக்கத்து ஊரில் டயாலிசிஸ் பிரிவு நடத்தும் மருத்துவமனைக்குக் கொடுத்தோம். தகட்டைக் கழற்றாமலேதான்.

படி 4: நிபந்தனையோடா, நிபந்தனை இல்லாமலா?

"குழந்தைகள் வார்டுக்கு மட்டும்" என்று எழுதிக் கொடுத்தால் சட்டப்படியும் தர்மப்படியும் அது அங்கேதான் போக வேண்டும். குழந்தைகள் வார்டுக்குத் தேவையானதைவிட அதிகம் சேர்ந்துவிட்டாலும், பக்கத்து வார்டில் லிஃப்ட் நின்றுபோயிருந்தாலும், அந்தப் பணத்தைத் தொட முடியாது. மனதைத் தொடும் காரியங்களுக்குப் பணம் குவியும். ஜெனரேட்டர் டீசலுக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் கணக்கு எழுதும் குமாஸ்தாவின் சம்பளத்துக்கும் யாரும் வரமாட்டார்கள். நிர்வாகத்தின் மேல் நம்பிக்கை இருந்தால் "பொது நிதி" என்று எழுதுங்கள். நம்பிக்கை இல்லையென்றால் நிபந்தனை போட்டும் பயனில்லை, வேறு இடம் பாருங்கள். நடுவழி ஒன்று உண்டு: "முதலில் இதற்கு, மிஞ்சினால் பொது நிதிக்கு" என்று ஒரு வரி சேர்த்து எழுதுவது. அந்த ஒரு வரி கணக்குப் பிரிவில் பலருக்குத் தூக்கத்தைத் திருப்பித் தரும்.

நிபந்தனை போட்டுத்தான் கொடுப்பேன் என்பவர்களுக்கு நான் கை காட்டுவது நோயாளி நல நிதியை. சமூகப் பணியாளரின் நோட்டில் இருக்கும் வரிகளைப் பார்த்தால் ஏனென்று புரியும். சிகிச்சை இலவசம், ஆனால் வாராவாரம் வந்துபோகும் பஸ் செலவுக்கு வழியில்லாமல் பாதியில் நிறுத்தியவர். கூடவே இருக்கும் மகளுக்குக் கூலி போவதால் குறிப்பிட்ட நாளுக்கு முன்பே வீட்டுக்குப் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டவர். வெளியே வாங்கிவரச் சொன்ன ஒரு ஊசி. இந்தத் தொகைகள் பெரியவை இல்லை. மருத்துவர் செய்த வேலை முழுக்க வீணாவதை இவைதான் தடுக்கின்றன.

படி 5: பாத்திரம் அறியுங்கள்

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பது பழமொழி. மருத்துவமனை எந்தச் சட்டப்படி பதிவானது, நன்கொடைக்கு வரிவிலக்கு உண்டா, வெளிநாட்டிலிருந்து பணம் பெற அனுமதி வேண்டுமா என்பவை நாட்டுக்கு நாடு மாறும். பதிவெண்ணைக் கேட்டு வாங்கி, அந்தந்த அரசுப் பதிவில் சரிபார்த்துவிடுங்கள். தணிக்கை செய்த கணக்கறிக்கை மூன்றாண்டுக்குக் கேளுங்கள். தயங்காமல் தருபவர்கள் பெரும்பாலும் நேர்மையானவர்கள். அமைப்பின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே செலுத்துங்கள், தனிநபர் கணக்குக்கு வேண்டாம். ரசீது இல்லாமல் ரொக்கம் வேண்டவே வேண்டாம்.

ஒரு பொறி மட்டும் உண்டு. "நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்?" என்று கேட்டு, குறைவாக இருந்தால் நல்ல அமைப்பு என்று முடிவு கட்டுவது. கணக்காளரும், கருவி பராமரிப்பவரும், தொற்றுக் கட்டுப்பாட்டைக் கண்காணிப்பவரும் அந்தச் சதவீதத்துக்குள்தான் வருகிறார்கள். அதைப் பட்டினி போட்டுச் சிறப்பாக நடக்கும் மருத்துவமனையை நான் பார்த்ததில்லை.

படி 6: மருத்துவமனைச் சுவரைத் தாண்டிப் பாருங்கள்

ஊரின் ஆரோக்கியம் படுக்கை எண்ணிக்கையில் இல்லை. படுக்கைக்கு வருமுன்னே தடுக்க முடிந்ததற்குக் கொடுத்தால் அதே பணம் நெடுந்தூரம் போகும்.

காசநோயை எடுத்துக்கொள்வோம். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் முடிவு வெளியான 'ரேஷன்ஸ்' ஆய்வில், காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, நுண்சத்துகள் கொடுத்துப் பார்த்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்ப உறுப்பினர்கள் பங்கேற்றார்கள். உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. உணவுப் பையைத் தடுப்பு மருந்தோடு சேர்த்து எண்ண வேண்டியிருக்கிறது. உங்கள் மருத்துவமனையில் காசநோய்ப் பிரிவு இருந்தால், அங்கே உணவுப் பை கொடுப்பதற்கு நிதி உண்டா என்று கேளுங்கள்.

மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் ராஜ் ஆரோலே, மேபெல் ஆரோலே என்ற மருத்துவத் தம்பதியர் 1970இல் வேலை தொடங்கினார்கள். இருவரும் வேலூரில் படித்தவர்கள். கிராமத்துப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். அவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பிரசவம், வயிற்றுப்போக்கு, குழந்தையின் எடை, குடிநீர் என்று பெரும்பாலானவற்றை ஊரிலேயே கவனித்துக்கொள்ள முடியும் என்று அந்தப் பெண்கள் காட்டினார்கள். இத்தகைய வேலைக்குப் பணம் கொடுப்பவருக்குத் திறப்பு விழா கிடைக்காது. கிடைப்பது, வராமல் போன நோயாளிகள். அவர்களைப் போட்டோ எடுக்க முடியாது என்பதால் இதற்கு நிதி திரட்டுவது எப்போதும் கஷ்டம்.

பொருளாகக் கொடுப்பதைவிடத் திறனாகக் கொடுப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அரவிந்திலேயே ஓர் உதாரணம் உண்டு. கண்புரை அறுவையின்போது பொருத்தும் செயற்கை லென்ஸ் ஒரு காலத்தில் நூறு டாலர் அளவில் விற்றது. ஏழைகளுக்கு வைக்க, வெளிநாட்டிலிருந்து வரும் நன்கொடை லென்ஸை நம்பியிருந்தார்கள். பிறகு சேவா அறக்கட்டளை உள்ளிட்ட நண்பர்கள், லென்ஸைத் தாங்களே தயாரிக்கும் தொழில்நுட்பம் வந்துசேர உதவினார்கள். 1992இல் அரவிந்தின் லென்ஸ் தயாரிப்புக் கூடமான ஆரோலேப் தொடங்கியது, விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. லென்ஸ் பெட்டிகளையே தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருந்தால், பெட்டி எத்தனையோ அத்தனை கண்களோடு கதை முடிந்திருக்கும்.

படி 7: பணமில்லாத கொடை

ரத்தம் எல்லோருக்கும் தெரியும், அதன் கால அளவு தெரிந்தவர் குறைவு. சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள் வைத்திருக்கலாம். பிளேட்லெட் ஐந்து நாள் அளவே. ஒரே நாளில் முகாம் போட்டு இருநூறு பேர் கொடுத்துவிட்டு, அடுத்த மூன்று மாதம் யாருமே வராவிட்டால் ரத்த வங்கிக்குச் சங்கடம்தான். முகாம் நடத்துபவர்கள் தேதியைத் தாங்களே முடிவு செய்யாமல், "எந்த வாரம் உங்களுக்குக் குறைகிறது?" என்று ரத்த வங்கியைக் கேட்டு வைத்தால் நல்லது. என்னைக் கேட்டால், நாற்பது பேர் முறை வைத்துக்கொண்டு ஆண்டு முழுக்கத் தருவது ஒரு பெரிய முகாமைவிட மேல்.

குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கி இருக்கலாம். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கினார். தானமாக வரும் பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்துக் கிருமி நீக்குவார்கள். கண் தானத்துக்கு, இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதால் உறுதிமொழி அட்டையைவிட வீட்டாரிடம் சொல்லிவைப்பதே பயன் தரும்.

நேரம் கொடுக்க நினைப்பவர்கள், உங்களுக்குப் பிடித்த வேலையைவிட உங்களுக்குத் தெரிந்த வேலையைக் கொடுங்கள். கணக்காளர் கணக்கைப் பாருங்கள், எலக்ட்ரீஷியன் வயரிங்கைப் பாருங்கள். வாரம் ஒரு மணி நேரம் சொன்ன நேரத்துக்கு வருபவர் போதும்.

படி 8: தனியாகக் கொடுக்காதீர்கள், சேர்ந்து கொடுங்கள்

1751இல் பிலடெல்பியாவில் பென்சில்வேனியா மருத்துவமனை தொடங்கிய கதை எனக்குப் பிடித்தது. டாக்டர் தாமஸ் பாண்டின் யோசனை அது. அவருடைய நண்பர் பெஞ்சமின் பிராங்க்ளின் சட்டமன்றத்தில் பணம் கேட்டபோது உறுப்பினர்கள் தயங்கினார்கள். அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: மக்கள் 2,000 பவுண்டு திரட்டினால் மட்டும் சட்டமன்றம் 2,000 பவுண்டு தரட்டும். மக்களால் அவ்வளவு திரட்ட முடியாது, செலவில்லாமல் தர்மவான் பெயர் கிடைக்கும் என்று எண்ணி எதிர்த்தவர்களும் கை தூக்கிவிட்டார்கள். பிராங்க்ளின் நேரே மக்களிடம் போய், நீங்கள் கொடுப்பது இரட்டிப்பாகும் என்றார். பணம் சேர்ந்துவிட்டது. பெருந்தொகை கொடுக்க முடிந்தவர்கள் இன்றும் இந்த உத்தியைக் கையாளலாம்: "ஊர் திரட்டும் அளவுக்கு நான் போடுகிறேன்."

சின்னத் தொகை கொடுப்பவர்கள் மாதாந்தரமாக வங்கியில் சொல்லிவையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய தொகையைவிட, மாதாமாதம் தவறாமல் வரும் சிறு தொகையை நம்பித்தான் ஒரு நர்ஸை வேலைக்கு எடுக்க முடியும். உயிலில் எழுதுவதாக இருந்தால் வழக்கறிஞரை வைத்து, மருத்துவமனையின் பதிவுப் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள்.

படி 9: கொடுத்த பிறகு

ஆறு மாதம் கழித்து ஒரு கடிதம் போடுங்கள். கருவி கொடுத்திருந்தால் "எத்தனை நோயாளிகளுக்குப் பயன்பட்டது, எத்தனை நாள் பழுதில் இருந்தது?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வி முக்கியம். பழுதானதைச் சொன்னால் கொடுத்தவர் கோபிப்பார் என்ற பயத்தில்தான் மெஷின்கள் உறைக்குள் போகின்றன. "பழுதானால் முதலில் எனக்குச் சொல்லுங்கள்" என்று கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் அந்தப் பயம் போய்விடும்.

பயனாளியின் போட்டோ கேட்காதீர்கள். நோயும் ஏழ்மையும் ஒருவரின் அந்தரங்கம். பெயர் இல்லாத கணக்கு போதும்.

கடைசியாக, யாரும் வாய் திறந்து சொல்லாத ஒன்று. நன்கொடையாளர் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், இரவு பதினொரு மணிக்கு மருத்துவமனைக்கு ஒரு போன் வரும். "ஐ.சி.யூ.வில் ஒரு பெட் பார்த்துச் சொல்லுங்களேன்." கேட்பவருக்கு அது சாதாரண உதவி. மறுமுனையில் இருக்கும் டியூட்டி டாக்டர், வரிசையில் யாரைப் பின்னுக்குத் தள்ளுவது என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார். அந்தப் போனைச் செய்ய மாட்டேன் என்று கொடுக்கும் அன்றே நிர்வாகத்திடம் சொல்லிவிடுங்கள். முடிந்தால் எழுத்திலும் கொடுத்துவிடுங்கள். அந்த ராத்திரி வரும்போது உங்களுக்கே அது மறந்திருக்கும்.